கடனீரேரி மீன்களுக்குச் சூழல் டிஎன்ஏ ஆய்வு சரிவருமா?

விலங்கியல் மாணவி:
இறுதியாண்டு ஆய்வுக்கு யாழ்ப்பாணக் கடனீரேரி மீன்களை எடுக்க விருப்பம். வலைபோட்டு எண்ணுகிற பழைய முறையை விட்டுவிட்டு, எல்லோரும் கதைக்கிற சூழல் டிஎன்ஏ பக்கம் போகலாமா?

தீவகத்தான்:
ஓம் தங்கச்சி, தாராளமாகப் போகலாம். மீனின் செதில், சளி, கழிவு எல்லாம் தண்ணீரில் கலந்துதான் கிடக்கும், அதில் இருக்கிற டிஎன்ஏதான் சூழல் டிஎன்ஏ. அந்தத் தண்ணீரை நுண்வடிதாளில் வடித்து, ஒட்டுகிற டிஎன்ஏயைப் பிசிஆர் என்ற படியெடுக்கும் முறையில் பெருக்கி, அதன் வரிசையை வாசித்தால் வலையில் சிக்காத இனங்கூடத் தெரியவரும். ஆனால் எங்கட வெயில் பொல்லாதது. எடுத்த கையோடு ஐஸ்பெட்டிக்குள் வையுங்கோ, சூட்டில் டிஎன்ஏ சிதைந்துவிடும். கலங்கல் தண்ணீர் வடிதாளையும் அடைத்துவிடும்.

வடமராட்சி அக்கா:
அண்ணை சொன்னது சரி, ஆனால் அதில் இனத்தின் பெயர்தான் வரும். குஞ்சா பெரிசா, எத்தனை நின்றது என்று தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்கிற தரவுத்தளத்தில் அந்த மீனின் டிஎன்ஏ வரிசை இல்லையென்றால் பெயரும் வராது! அதனால் வலையை விடாதேயுங்கோ பிள்ளை. சிறகுவலைக்காரர் கரைக்கு வரும்போது போய், ஒவ்வொரு இனத்திலும் செட்டையில் சின்னத் துண்டு வெட்டி எதனோலில் போட்டு, மீனையும் படமெடுத்து வையுங்கோ. அந்த வரிசைகள் பிறகு வருகிற எல்லோருக்கும் உதவும், எனக்கு அதுதான் பெரிய வேலையாகப் படுகிறது.

பறவைப்பிரியன்:
சுண்டிக்குளம் பக்கம் ஆய்வு மாதிரிகள் எடுப்பதென்றால் அது 2015இலிருந்து தேசியப் பூங்கா, வனசீவராசிகள் திணைக்களத்தில் முதலே அனுமதிக்கு எழுதுங்கோ.