நிக்ஸ்டமலைசேஷன்: ‘நீற்றவிப்பு’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

மெக்சிகன் உணவுச் சொற்களைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற நம் பேச்சுக்கு இது என் பங்கு. டாக்கோ, சால்சா, குவாக்கமோலே போன்ற உணவுகளுக்குத் தமிழ்ப் பெயர் தேடுவது வேண்டாம் என்பது என் கருத்து. பிட்சாவைப் போல அவையும் பெயரோடு வந்த பண்டங்கள். நமக்குச் சொல் தேவைப்படுவது டாக்கோவின் மாவுக்குப் பின்னால் இருக்கும் வேலைக்குத்தான்: மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் அவிக்கும் நிக்ஸ்டமலைசேஷன்.

சிங்கப்பூரின் கிளார்க் கீ பக்கம் நான் போகும் சின்ன மெக்சிகன் உணவகத்தில், டாக்கோவுக்கான மக்காச்சோள ரொட்டியான தோர்த்தியாவை நம் கண்முன்னே போடுகிறார்கள். எலுமிச்சை அளவு உருண்டையை இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்து இரும்புப் பலகையால் ஒரே அமுக்கு. சூடான கல்லில் விழுந்ததும், புதிதாக வெள்ளையடித்த சுவரின் வாசனை லேசாக வருகிறது. அது சுண்ணாம்பின் வாசனை. காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோல் கழன்றதும் அலசி அரைக்கிறார்கள். இதைச் செய்யாத மாவு உருட்டினால் ஒட்டாது, உதிர்ந்துவிடும். தானியத்தில் பிடிபட்டுக் கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினும் இதனால்தான் உடம்பில் சேர்கிறது. மக்காச்சோளத்தை மட்டும் கொண்டுபோய் இந்த முறையை விட்டுவிட்ட ஐரோப்பாவில், அதையே நம்பி வாழ்ந்த ஏழைகளை 18ஆம் நூற்றாண்டிலிருந்து, அந்த வைட்டமின் குறைவால் வரும் பெலாக்ரா நோய் வாட்டியது. இவ்வளவு பெரிய விஷயத்தைப் ‘பதப்படுத்தல்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சிலர் முன்மொழிந்த ‘காரமூட்டல்’ வேதியியல்படி சரிதான்; சுண்ணாம்பு ஒரு காரம் (alkali). ஆனால் சிங்கப்பூரில் பிள்ளைகள் அறிவியலை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். காரம் என்றால் அவர்களுக்கு மிளகாய்தான். அதுவும் மெக்சிகன் சாப்பாட்டில்!

நான் முன்வைப்பது ‘நீற்றவிப்பு’. நீறு என்றால் சாம்பல். சுண்ணாம்புப் பொடிக்கும் அதே சொல். மெக்சிகோவின் நாவாட்ல் மொழியிலும் இந்தப் பெயரின் முதல் பகுதியான ‘நெக்ஸ்ட்லி’ சாம்பலைத்தான் குறிக்கிறது. சுண்ணாம்புக்குப் பதில் மரச்சாம்பல் போட்டு அவிக்கும் பழக்கமும் உண்டு. ஒரே தமிழ்ச்சொல் இரண்டையும் தாங்குகிறது, இதைவிட என்ன வேண்டும்? திருநீறு நினைவுக்கு வரும் என்று சிலர் தயங்கலாம். ‘நீறு பூத்த நெருப்பு’ என்று பேச்சில் சொல்லும்போது யாரும் தயங்குவதில்லையே. உணவில் சுண்ணாம்பும் நமக்குப் புதிதல்ல. பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் தடவுவது அதைத்தானே.

‘நீற்றவியல்’ வேண்டாம். நீற்றைப் பற்றிய படிப்பு என்று படித்துவிடுவார்கள்.

அரைத்த மாவை ‘நீற்றுமாவு’ என்றும், அதைக் காயவைத்துப் பையில் விற்பதை ‘உலர் நீற்றுமாவு’ என்றும் சொல்லலாம். அவித்த தானியத்தில்தான் சிக்கல். இங்கே சோளம் என்றாலே மக்காச்சோளம். தமிழகத்தில் சோளம் வேறு தானியம். அதனால் ‘நீற்றுச்சோளம்’ அங்கே குழப்பும் என்று நினைக்கிறேன். ‘நீற்றவித்த மக்காச்சோளம்’ நீளம்தான், ஆனாலும் என் வாக்கு அதற்கே. தமிழகத்து நண்பர்கள் இதைவிடச் சுருக்கமாக ஒன்று சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன்.