அறைக்குள் நடந்து பயன்படுத்தும் வி.ஆர். ஹெட்செட்: வைத்திருப்பவர்களின் அனுபவங்கள்

திருச்சியிலிருந்து, கல்லூரி மாணவர்

எச்.டி.சி. வைவ் என்ற வி.ஆர். ஹெட்செட் (தலையில் மாட்டினால் மெய்நிகர் உலகைக் கண்முன் காட்டும் கருவி) ஒன்று, அறை மூலைகளில் மாட்டும் இரண்டு பேஸ் ஸ்டேஷன் பெட்டிகளோடு சேர்த்து, பயன்படுத்திய பொருளின் விலைக்கு வருகிறது. வீட்டில் விளையாட்டுக்கு ஏற்ற கணினி இருக்கிறது. ஆனால் கணினியே தேவைப்படாத புதிய ஹெட்செட்களும் வந்துவிட்டதால் மனம் ஊசலாடுகிறது. தொழில்நுட்ப விவரங்களைப் படித்துவிட்டேன். வீட்டில் வைத்துப் புழங்கியவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

சென்னையிலிருந்து, மென்பொருள் பணி

தம்பி, பணம் கொடுப்பதற்கு முன் டேப்பை எடுத்து அறையை அளந்துவிடுங்கள். மற்ற கேள்விகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். நடந்து பயன்படுத்தும் முறைக்குக் குறைந்தது 2 மீட்டருக்கு 1.5 மீட்டர் வெற்றுத் தரை வேண்டும். கட்டில், பீரோ, துணி குவிந்த நாற்காலி எல்லாம் போக மிஞ்சும் தரையைச் சொல்கிறேன். பத்துக்குப் பத்து படுக்கையறையில் கட்டில் போட்டுவிட்டால் அவ்வளவு இடம் மிஞ்சாது. நான் கூடத்தில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் டீப்பாயைச் சுவரோரம் நகர்த்த வேண்டும், வீட்டில் யாரும் தொலைக்காட்சி பார்க்காத நேரமாகவும் இருக்க வேண்டும். இந்தக் கருவியின் உண்மையான விலை அந்த இடம்தான்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2016 ஏப்ரலில் வால்வ் நிறுவனத்தோடு சேர்ந்து எச்.டி.சி. இதைக் கொண்டுவந்தது. இதன் திரையில் ஒரு கண்ணுக்கு 1080க்கு 1200 புள்ளிகள். இன்று அது குறைவு. உற்றுப் பார்த்தால் கொசுவலைக்குப் பின்னால் நின்று பார்ப்பதுபோல் புள்ளிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி தெரியும். சிறிய எழுத்துகளைப் படிக்க முடியாது. படம் பார்க்கவும் கட்டுரை படிக்கவும் வாங்குவதாக இருந்தால் வேண்டாம்.

ஆனால் உங்கள் தலையும் கையும் எங்கே இருக்கின்றன என்று கண்டறிவதில் இதன் துல்லியம் இன்றும் என்னை வியக்க வைக்கிறது. அறையின் எதிரெதிர் மூலைகளில் மாட்டும் பேஸ் ஸ்டேஷன் என்ற அந்தக் கறுப்புப் பெட்டிகளைப் பலர் கேமரா என்று நினைக்கிறார்கள். அவை எதையும் படம்பிடிப்பதில்லை. உள்ளே இரண்டு மோட்டார்கள் நொடிக்கு 60 முறை சுற்றுகின்றன. ஒன்று லேசர் கீற்றை இடவலமாக வீசும், மற்றது மேல்கீழாக. ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி ஒருமுறை பளிச்சிடும். ஹெட்செட்டின் முகப்பில் பதித்திருக்கும் 32 உணரிகள் அந்தப் பளிச்சலுக்கும் லேசர் தம்மைத் தொடுவதற்கும் இடைப்பட்ட நேரத்தை அளக்கின்றன. அந்த நேரத்திலிருந்து கோணம் கிடைக்கிறது, கோணங்களிலிருந்து இடம். எவ்வளவு எளிமையான யோசனை! அறையில் விளக்கே இல்லாவிட்டாலும் வேலை செய்யும். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாலும், ஏதாவது ஒரு பெட்டிக்குக் கையில் பிடித்திருக்கும் கன்ட்ரோலர் தெரிந்தால் போதும்.

இதற்கு எதிரி கண்ணாடி. எங்கள் கூடத்தில் ஆளுயரக் கண்ணாடி பதித்த பீரோ இருக்கிறது. அதில் லேசர் பட்டுத் திரும்பியதால், காட்சி திடீர் திடீரென்று ஒரு சாண் தள்ளிப்போய்த் திரும்பிவரும். பீரோவின் மேல் ஒரு போர்வையைத் தொங்கவிட்டேன், சரியாகிவிட்டது. கண்ணாடி போட்ட சாமி படங்கள் அதிகம் உள்ள சுவர் என்றால் அதையும் கவனியுங்கள்.

அடுத்தது மின்விசிறி. நீங்கள் சுவரை நெருங்கினால் ஹெட்செட்டுக்குள் ஒரு வலைச்சுவர் தோன்றி எச்சரிக்கும். சுற்றுச்சுவர் மட்டும்தான் அதற்குத் தெரியும், தலைக்கு மேல் என்ன சுற்றுகிறது என்று தெரியாது. கன்ட்ரோலரைப் பிடித்துக் கையை முழுதாக உயர்த்தினால் தாழ்வாகத் தொங்கும் விசிறியைத் தொட்டுவிடலாம். ஆகவே விசிறியை நிறுத்தியாக வேண்டும். விசிறியை நிறுத்திவிட்டு மே மாதச் சென்னையில் அரைக்கிலோ எடையை முகத்தில் கட்டிக்கொண்டு குதித்தால் என்ன ஆகும்? நெற்றிப் பஞ்சு நனைந்துவிடும், லென்ஸில் ஆவி படியும். சுவரோரம் ஒரு டேபிள் ஃபேன் வைத்திருக்கிறேன். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை வைத்து அறையில் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறோம் என்பதும் தெரிகிறது. அது எதிர்பாராத நன்மை.

இவ்வளவு சிரமத்துக்கும் என்ன கிடைக்கிறது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். என் மாமா வந்திருந்தார். கணினி விளையாட்டு எதுவும் தொட்டறியாதவர். வைவுடன் தொடக்கத்தில் இலவசமாகத் தந்த 'ஜாப் சிமுலேட்டர்' விளையாட்டைப் போட்டுவிட்டேன். அதில் ஒரு சமையலறை வரும். எந்தப் பொத்தானை அமுக்குவது என்று அவர் கேட்கவே இல்லை. குனிந்தார், இழுப்பறையைத் திறந்தார், எட்டி ஒரு தக்காளியை எடுத்தார், முகர்வதுபோல் மூக்கருகே கொண்டுபோனார். பிறகு களைத்துப்போய், இல்லாத மேஜையின்மேல் கன்ட்ரோலரை வைத்துவிட்டுக் கையை எடுத்தார். மணிக்கட்டுப் பட்டையை மாட்டியிருந்ததால் அது கீழே விழாமல் தொங்கியது. அடுத்து அந்த மேஜையில் சாய்ந்து நிற்கப் போனார், தோளைப் பிடித்து நிறுத்தினேன். வேறெந்தத் திரையும் அவரை அப்படி நம்ப வைத்ததில்லை. அந்த நம்பிக்கைக்காகவே இதை நான் விற்காமல் வைத்திருக்கிறேன். அதே காரணத்தால்தான், புதியவர்கள் போட்டிருக்கும்போது பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும் என்றும் சொல்கிறேன்.

சேலத்திலிருந்து

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் மூக்குக்கண்ணாடி போடுபவன். வைவில் லென்ஸை முகத்திலிருந்து சற்றுத் தள்ளிவைக்கும் வசதி இருக்கிறது, அதனால் கண்ணாடியோடு போட முடிகிறது. தள்ளத் தள்ளக் காட்சியின் அகலம் குறையும். கண்ணாடிச் சட்டம் அகலமாக இருந்தால் கழற்றும்போது இரண்டு லென்ஸும் உரசும், கீறல் விழுந்தால் போனதுதான். ஹெட்செட்டை முன்பக்கமிருந்து முகத்தில் வைத்து, பிறகு பட்டையைப் பின்னால் இழுங்கள். கழற்றும்போது அதற்கு நேர்மாறு. இரு கண்மணிகளுக்கும் இடையிலான தூரத்துக்கு ஏற்ப லென்ஸை நகர்த்தும் திருகையும் மறக்காதீர்கள். வீட்டில் ஆளாளுக்கு அது மாறும். தலைவலி என்று ஒதுங்கியவர்களில் பாதிப்பேருக்கு அந்தத் திருகைத் திருப்பினாலே சரியாகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து, கட்டட வடிவமைப்பாளர்

விளையாட்டைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. வீடு கட்ட வருபவர்களுக்கு வடிவத்தைக் காட்ட எங்கள் அலுவலகத்தில் இதைப் பயன்படுத்துகிறோம்.

வரைபடத்தைப் பார்த்து எல்லோரும் தலையாட்டுவார்கள். கட்டி முடித்த பிறகுதான் குறை சொல்வார்கள். அண்மையில் ஒரு குடும்பம் வந்தது. சமையலறை மேடையின் உயரம் 34 அங்குலம் என்று வரைபடத்தில் கையெழுத்தே போட்டுவிட்டார்கள். ஹெட்செட்டைப் போட்டதும் அந்த அம்மா மேடை இருக்கும் இடத்தில் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தார், பிறகு கரண்டியால் கிளறுவதுபோல் கையைச் சுற்றினார். முழங்கை தோளை நோக்கி ஏறியது. "அடுப்பு வச்சு, அதுக்கு மேல பெரிய குக்கர் வச்சா உள்ள என்ன வேகுதுன்னே எனக்குத் தெரியாதே தம்பி" என்றார். அன்றே 31 அங்குலமாகக் குறைத்தோம். அடுத்துப் பரணைத் திறக்கக் கையை நீட்டினார், எட்டவில்லை. அதையும் மாற்றினோம். அவருடைய உயரமும் கையின் நீளமும் எந்த வரைபடத்திலும் இல்லை. அவர் தம் உடலோடு உள்ளே போனதால் அவை கணக்கில் வந்தன.

ஆனால் இதன் எல்லையும் எங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். பேஸ் ஸ்டேஷன்களுக்கு இடையே அதிகபட்சம் 5 மீட்டர் என்பது கணக்கு. ஒரு சமையலறை அதற்குள் அடங்கும், வீடு அடங்காது. கூடத்திலிருந்து சமையலறைக்குப் போக, கன்ட்ரோலரால் ஓரிடத்தைக் குறிபார்த்து அமுக்கி அங்கே தாவ வேண்டும். தாவும்போது தூரம் என்ற உணர்வே போய்விடுகிறது. சாப்பாட்டு மேஜைக்கும் அடுப்புக்கும் எத்தனை நடை நடக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்துகொள்ள அவர்கள் ஆசைப்படுகிறார்கள், அதை மட்டும் எங்களால் காட்ட முடிவதில்லை. இன்னொன்று, உள்ளே ஒருவர்தான் போக முடியும். கணவரும் மாமியாரும் வெளியே திரையைப் பார்த்துக்கொண்டு "எங்கே நிற்கிறாய், என்ன தெரிகிறது" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

பெங்களூரிலிருந்து

பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைக்காவிட்டால் எனக்குக் குமட்டும். அதனால் வி.ஆர். நமக்கு ஒத்துவராது என்று ஒதுங்கியிருந்தேன். தோழியின் வீட்டில் வைவைப் போட்டு 'டில்ட் பிரஷ்' நிரலில் காற்றில் வரைந்தபோது ஒன்றுமே செய்யவில்லை. நான் வரைந்த கோட்டைச் சுற்றி நானே நடந்து பின்பக்கம் போய்ப் பார்த்தேன். நேரம் போனதே தெரியவில்லை. அடுத்து வேறொரு விளையாட்டில் கட்டைவிரலால் நகரச் செய்தார்கள். சில நிமிடங்களிலேயே வியர்த்துவிட்டது, கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

காரணம் எளியதுதான். கண் 'போகிறோம்' என்கிறது, உள்காதில் சமநிலையைக் காக்கும் உறுப்பு 'நிற்கிறோம்' என்கிறது. மூளைக்கு அந்த முரண் பிடிப்பதில்லை. நம் காலால் நடக்கும்போது இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. தாவிச் செல்லும் முறையிலும் தொந்தரவு குறைவு. ஆகவே வாங்கும் விளையாட்டு எந்த முறையில் நகர்த்துகிறது என்று பார்த்து வாங்குங்கள். குமட்டலைப் பொறுத்துப் பழகிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். குமட்டத் தொடங்கியதும் கழற்றிவிடுவதுதான் நல்லது, அன்று மாலை முழுவதும் எனக்குத் தலை சுற்றியது.

மதுரையிலிருந்து

நான் வைவிலிருந்து தனித்து இயங்கும் ஹெட்செட்டுக்கு மாறியவன். மாறியதற்கு ஒரே காரணம் கேபிள். 5 மீட்டர் கேபிள் முதுகுப்பக்கம் தொங்கும். வலப்பக்கமாகச் சுற்றிச் சுற்றித் திரும்பினால் முறுக்கிக்கொள்ளும். காலடியில் அது எங்கே கிடக்கிறது என்று மனத்தின் ஒரு மூலை எந்நேரமும் கவனித்துக்கொண்டே இருக்கும், அந்த மூலை விளையாட்டுக்குள் வரவே வராது. கேபிள் இல்லாத ஒன்றைப் போட்ட முதல் நாளே அது புரிந்தது. மொட்டைமாடியில்கூட, வெயில் சாய்ந்த பிறகு, எடுத்துப்போய் விளையாடியிருக்கிறேன். பகலில் வேண்டாம், சூரிய ஒளி லென்ஸ் வழியே குவிந்து உள்ளே இருக்கும் திரையைச் சுட்டுவிடும்.

இழந்ததும் உண்டு. இவ்வகை ஹெட்செட்கள் தம்மேல் உள்ள கேமராக்களால்தான் கைகளைத் தேடுகின்றன. அறை இருட்டானால் திணறும். வில்லை இழுத்துக் காதோரம் கையைக் கொண்டுபோகும்போது சில நேரம் கை நழுவிப்போகும். பேட்டரி இரண்டு மூன்று மணி நேரம்தான். மற்றபடி வீட்டில் எல்லோரும் எடுத்துப் போட்டுக்கொள்வது இதைத்தான். வைவைப் போட வேண்டுமானால் கணினியைத் திறந்து, இரண்டு பெட்டிகளுக்கும் மின்சாரம் கொடுத்து, நிரலைத் தொடங்க வேண்டும், அதற்குள் குழந்தைகள் வேறு விளையாட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

திருச்சியிலிருந்து, கல்லூரி மாணவர்

எல்லோருக்கும் நன்றி. அளந்துவிட்டேன். மாடி அறையில் கட்டில் இல்லை. 3 மீட்டருக்கு இரண்டரை மீட்டர் தேறுகிறது. விசிறி உயரமாகவே இருக்கிறது, கண்ணாடியும் இல்லை. எனக்கு வரைவதில்தான் ஆர்வம். அண்ணா, பழைய செட்டில் எதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்?

சென்னையிலிருந்து, மென்பொருள் பணி

அந்த அறை போதும் தம்பி, தாராளமாகப் போதும். விற்பவர் வீட்டிலேயே மாட்டச் சொல்லி அரை மணி நேரமாவது போட்டுப் பாருங்கள். பேஸ் ஸ்டேஷன் அருகே காதை வைத்துக் கேளுங்கள். சீரான மெல்லிய ரீங்காரம் இருக்கலாம், கரகரப்போ டிக் டிக் ஒலியோ வந்தால் மோட்டார் தேய்கிறது என்று பொருள். கன்ட்ரோலரைத் தரையில் அசையாமல் வைத்துவிட்டு ஹெட்செட் வழியே பாருங்கள், உள்ளேயும் அசையாமல் இருக்க வேண்டும். கேபிளைத் தலைப்பக்கமும், கணினிக்கும் ஹெட்செட்டுக்கும் நடுவே உள்ள இணைப்புப் பெட்டியின் பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள், காட்சி சாம்பல் நிறமானால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். முகத்தில் படும் பஞ்சைப் புதிதாக வாங்கி மாற்றிவிடுங்கள், மற்றவர் வியர்வையில் ஊறியது நமக்கு வேண்டாம். பேஸ் ஸ்டேஷன்களைத் தலைக்கு மேல், 2 மீட்டருக்குக் குறையாத உயரத்தில், முப்பது நாற்பது டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்து, ஒன்றையொன்று பார்க்கும்படி மாட்டுங்கள். ஆணியில் தொங்கவிட்டால் கதவை அறைந்து சாத்தும்போதெல்லாம் அசையும். துளை போட்டு, சுவரில் திருகி முடுக்கிவிடுங்கள்.