பைக் ஃபிரேம்ல ஃபுட்ரெஸ்ட் போல்ட்டு மரை போயிட்டு, வெல்டிங் வைக்காம சரி பண்ண வழி இருக்கா?

உவரிக்காரன்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். 150 சிசி பைக், 2019ல எடுத்தது. வீட்டுல இருந்து கடல் கூப்பிடு தூரம்தான், உப்புக்காத்துல எல்லா போல்ட்டும் துரு ஏறி கெடக்கும். போன வாரம் வலது பக்க ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்ட கழட்டி பெயிண்ட் அடிக்க குடுத்தேன், திரும்ப மாட்டும்போது பழைய போல்ட்டு அரிச்சு போயிட்டுன்னு பட்டறைல ஒரு புது போல்ட்ட போட்டு, போல்ட்டு முறுக்குற கன் மிசின வச்சு ஏத்திட்டாவ. ரெண்டு நாள் திசையன்விளைக்கு வேலைக்கு போயிட்டு வந்தேன், மூணாம் நாள் கால் வச்சா ஆடுது. கழட்டி பாத்தா போல்ட்டு மரைக்கு நடுவுல சுருள் சுருளா கம்பி மாதிரி இரும்பு சுத்திக்கிட்டு வந்துட்டு. ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சு பாத்தேன், வாய்ப்பக்கம் வழவழன்னு இருக்கு, ஆழத்துல மட்டும் கொஞ்சம் மரை தெரியுது.

ஒருத்தர் வெல்டிங் வச்சு ஒட்டிருங்காவ, இன்னொருத்தர் ஓட்டைய பெருசாக்கி 12 மில்லி போல்ட்டு போடுங்காவ, எங்கப்பா டெஃப்லான் டேப்ப சுத்தி முறுக்க சொல்லுதாவ. பின் பிரேக் பெடலும் அதே பிராக்கெட்லதான் இருக்கு, அதான் பயமா இருக்கு. என்ன செய்யட்டும்?

களக்காட்டு வாழை:
தம்பி டெஃப்லான் டேப் தண்ணி பைப்புக்குதான், இதுக்கு போட்றாத. பிடிச்ச மாதிரி தோணும், ஒரு பள்ளத்துல எறங்குனதும் கழண்டுரும். சரி பண்ணுற வரைக்கும் வண்டிய எடுக்கவே எடுக்காத, பஸ்ல போ. கால் ஊனி பிரேக் மிதிக்கைல பிராக்கெட்டே பெயர்ந்து வந்தா என்ன ஆகும்னு யோசி.

பேட்டை லேத்து:
இருபது வருசத்துக்கு மேல லேத்து பட்டறைலதான் இருக்கேன், வாரத்துக்கு ஒண்ணாவது இந்த மாதிரி வந்துரும். மொதல்ல புதுசா போட்ட போல்ட்டையும் பழைய போல்ட்டையும் கைல எடுத்து ரெண்டு மரையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பதியுற மாதிரி சேத்து வெளிச்சத்துல பிடிச்சு பாருங்க. இடைவெளி தெரியாம பதிஞ்சுதுன்னா ஒரே பிட்ச்சு, அதாவது மரைக்கு மரை ஒரே தூரம். பைக்ல 10 மில்லி போல்ட்டு பெரும்பாலும் 1.25 பிட்ச்சு, ஹார்டுவேர் கடைல 10 போல்ட்டுன்னு கேட்டா சாதாரணமா குடுக்கது 1.5. ஸ்கேல் வச்சு அளந்தா பத்து மரைக்கு 12.5 மில்லி வந்தா 1.25, 15 மில்லி வந்தா 1.5. தப்பான போல்ட்டு கைல ரெண்டு சுத்து போகும், அப்புறம் நின்னுக்கிடும், கைல போடுற ஆளா இருந்தா அங்கனயே தெரிஞ்சிரும். கன்னு அதெல்லாம் பாக்காது, இருக்குற மரைய அறுத்துக்கிட்டே உள்ள போகும். நீங்க பாத்த சுருள் உங்க ஃபிரேம்ல இருந்த மரைதான்.

அடுத்தது, ஆழத்துல எத்தனை மரை நல்லா இருக்குன்னு பாக்கணும். இரும்புல போல்ட்டு குறுக்களவு அளவுக்காவது மரை பிடிக்கணும், 10 போல்ட்டுன்னா 10 மில்லி, அதாவது எட்டு மரை. அம்புட்டு இருந்துச்சுன்னா 10க்கு 1.25 அளவுல மரை வெட்டுற டேப்ப (டெஃப்லான் டேப் இல்ல, இது இரும்பு கருவி) விட்டு சுத்தம் பண்ணிட்டு, அடியை முட்டாத அளவுல கொஞ்சம் நீளமான போல்ட்டு போட்டா வேலை முடிஞ்சுது. அரை சுத்து முன்னுக்கு, கால் சுத்து பின்னுக்கு, எண்ணெய விட்டு விட்டு போடணும். டேப்ப மட்டும் உள்ள ஒடச்சிராதீங்க, சாதாரண டிரில் பிட்டு அது மேல ஏறவே ஏறாது.

அம்புட்டு மரை இல்லன்னா ஹெலிகாயில், அதாவது புது மரையா நிக்குற கம்பி சுருள்தான் என் கணக்கு. 10.3 மில்லி பக்கம் டிரில் வரும், கிட்டுல போட்டிருக்க அளவையே வச்சுக்கிடுங்க. அதோட வார டேப்ப போட்டு, எவர்சில்வர் சுருள உள்ள ஏத்தி, வாய்க்கு கீழ அரை சுத்தாவது எறக்கி விட்டு, அடில இருக்க நாக்க தட்டி ஒடச்சு எடுத்துட்டா பழைய அளவு போல்ட்டே போடலாம். டிரில் நேரா போறதுலதான் எல்லாம் இருக்கு, கோணினா போல்ட்டு தலை ஒரு பக்கம் மட்டும் உக்காரும், அப்புறம் எம்புட்டு முறுக்கினாலும் லூஸ் ஆகும்.

12 போல்ட்டு வேண்டாம்னு ஏன் சொல்லுதேன்னா ஃபிரேம்ல மரை இருக்க அந்த உருளைய, அதாவது புஷ்ஷோட வெளி அளவ அளந்து பாருங்க. 16 மில்லி இருந்தா 12 போட்ட பிறகு ஒரு பக்கத்துக்கு ரெண்டு மில்லி சுவருதான் மிஞ்சும். பிராக்கெட் ஓட்டையையும் பெருசாக்கணும்.

கல்லிடை ரைடர்:
அண்ணாச்சி சொல்லுதது சரிதான், ஆனா ஹெலிகாயில் அலுமினியத்துக்குதானே, இரும்பு ஃபிரேமுக்கு எதுக்கு? புது புஷ் கடைஞ்சு பழசை அறுத்துட்டு வெல்டிங் வச்சா ஆயுசுக்கும் நிக்கும்லா. இல்லன்னா நீள போல்ட்ட குறுக்க விட்டு மறுபக்கம் நட்டு போட்டா போச்சு.

பேட்டை லேத்து:
இரும்புக்கும் போடலாம் தம்பி, தாராளமா பிடிக்கும். புஷ்ஷே வெடிச்சிருந்தா நீங்க சொல்லுத வெல்டிங்தான் வழி, அப்பவும் பெட்ரோல் டாங்க கழட்டி தூர வச்சிரணும், பேட்டரி வயர கழட்டிரணும், 2020 ஏப்ரலுக்கு பிறகு வந்த பிஎஸ்6 வண்டின்னா இன்ஜின கட்டுப்படுத்துத கம்ப்யூட்டர், அதான் இசியூ, அதோட கனெக்டரையும் உருவிரணும். பழைய ஓட்டைய வெல்டிங் வச்சு ரொப்பிட்டு அதுலயே திரும்ப மரை போடுற வேலை மட்டும் வேண்டாம், அந்த எடம் இறுகி போயி டேப்பு ஒடையும். நீள போல்ட்டு குறுக்க விடுறது, உள்ள குழாய் வச்சு தாங்கல் குடுத்தாதான் சரி, வெறும் பைப்புல முறுக்குனா பைப்பு நசுங்கிரும்.

உவரிக்காரன்:
ரெண்டு போல்ட்டையும் சேத்து பிடிச்சு பாத்தேன் அண்ணாச்சி, மூணாவது மரைலயே வெலகுது. பழசு பத்து மரைக்கு 12.5, புதுசு 15. நீங்க சொன்னபடிதான் இருக்கு. உள்ள நல்ல மரை மூணோ நாலோதான் மிச்சம், புஷ் வெடிக்கல, வெளி அளவு 18 இருக்கு. இங்க ஒரு லேத்துல கேட்டேன், ஹெலிகாயில் கிட்டு இருக்கு, டிரில் மிசின்ல ஃபிரேம ஏத்த முடியாது, கைல கோணாம இருக்க கைடு புஷ் ஒண்ணு கடைஞ்சு வச்சுதான் போடுவேன்னாரு. நம்பி குடுக்கலாமா?

பேட்டை லேத்து:
கைடு புஷ் வச்சு போடுதேன்னு அவரே சொன்னா வேலை தெரிஞ்ச ஆளுதான், குடுங்க. போல்ட்டு தலைல 8.8ன்னு பலத்தோட தரக்குறி இருக்கணும், 1.25தானான்னு நீங்களே அளந்து வாங்குங்க. மரைல கொஞ்சம் கிரீஸ் தடவுங்க, உங்க ஊரு காத்துக்கு அது இல்லன்னா அடுத்த வருசம் கழட்டைல சுருளும் சேந்து வந்துரும். மொத அஞ்சாறு சுத்து கைவிரல்லயே போட சொல்லுங்க, கன்னு எடுத்தா நிப்பாட்டிருங்க. கடைசில முறுக்கு விசைய அளந்து முறுக்குற டார்க் ரெஞ்சு வச்சு மேனுவல்ல போட்டிருக்க அளவுக்கு முறுக்கிட்டு, நூறு கிலோமீட்டர் ஓடுனதும் ஒருக்கா பாத்துக்கிடுங்க.