அத்தையின் காணொளி மருத்துவ ஆலோசனைக்குக் காப்பீடு: அனுபவம் உள்ளவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வர்த்தில் எங்களுடன் வாழும் என் 78 வயது அத்தைக்கு நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளன. முழங்கால் வலியால் படியிறங்க இயலாததால், அவரை நெடுங்காலமாக அறிந்த மருத்துவரே இப்போது காணொளி வழியாகப் பார்க்கிறார். 1998ஆம் ஆண்டின் மருத்துவத் திட்டச் சட்டப்படி இவ்விரு நோய்களும் கட்டாயக் குறைந்தபட்சப் பயன்களில் (எல்லாத் திட்டங்களும் செலவை ஏற்றாக வேண்டியவை) அடங்கியிருந்தும், எங்கள் மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்) அக்கட்டணத்தை எங்கள் சந்தாவிலிருந்து ஒதுக்கப்படும் சேமிப்புக் கணக்கிலிருந்தே கழிக்கிறது (அதுவோ ஆண்டின் நடுவிலேயே தீர்ந்துவிடும்). இதை நாள்பட்ட நோய்களுக்கான பயனின்கீழ் மாற்றிப் பெற்றவர்கள் இருந்தால், மருத்துவர் தம் ரசீதில் நோய்க் குறியீட்டையும் காணொளி ஆலோசனைக்குரிய கட்டணக் குறியீட்டையும் எவ்வாறு குறித்தார், எந்தப் படிவத்தை அனுப்பினீர்கள் என்று தெரிவிக்க வேண்டுகிறேன். திட்டம் மறுத்தால், இத்திட்டங்களைக் கண்காணிக்கும் அமைப்பான மருத்துவத் திட்டங்கள் மன்றத்தில் முறையிடலாம் என்பதை அறிவேன். அவ்வழியில் சென்றவர்களுக்கு முடிவு வர எவ்வளவு காலம் ஆயிற்று?