சிக்கன் ஃப்ரைடு ஸ்டேக்: மாவு கழண்டு வருது, கிரேவி பசையாகுது, உதவி பண்ணுங்க

நாஞ்சில்ஜெனி:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க டல்லாஸ் பக்கம் பிளேனோல இருக்கோம். பக்கத்து வீட்டுல ஒரு தாத்தா தனியா இருக்காரு, லபக் பக்கத்துல பருத்தி வெவசாயம் பண்ணுன குடும்பம். 2021 பிப்ரவரில பனி கொட்டி டெக்சாஸ் பூரா கரண்ட் போச்சுல்ல, அப்ப எங்க பொண்ணு கைக்குழந்தை, ஹீட்டர் இல்லாம வீட்டுக்குள்ளயே மூச்சு விட்டா புகையா தெரியுது. அவருதான் கதவைத் தட்டி கூட்டிட்டுப் போய் அவர் வீட்டுல வெறகு எரியுற பக்கத்துல எங்களை ரெண்டு ராத்திரி படுக்க வெச்சாரு. அவர் சம்சாரம் போன வருஷம் தவறிட்டாங்க. போன வாரம் வேலி பக்கம் நின்னு பேசிட்டிருக்கப்ப, ஞாயித்துக்கெழமைன்னா அவங்க கையால சிக்கன் ஃப்ரைடு ஸ்டேக்தான்னும் (பேருலதான் சிக்கன், மாட்டுக்கறித் துண்டை மாவுல பொரட்டிப் பொரிச்சு கிரேவி ஊத்துறது), அவங்க போன பிறகு ஹோட்டல்ல ரெண்டு மூணு தடவ வாங்கியும் முழுசா சாப்பிட முடியலன்னும் சொன்னாரு. வர்ற மாசம் அவருக்கு 80 வயசு, அன்னிக்கு நானே செஞ்சு கொடுக்கணும்னு ஆசை.

எங்க ஊர்ல எறச்சி வறுவல், குழம்பு எல்லாம் நல்லாவே வைப்பேன், ஆனா இது எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது. முதல் தடவ ரவுண்ட் ஸ்டேக் ஒரு இன்ச் தடிமன்ல வாங்கி, முட்டைல முக்கி மைதால பொரட்டி பொரிச்சேன், மேல கருத்துடுச்சு, உள்ள ரப்பர். ரெண்டாவது தடவ பப்பாளிக்காய் அரைச்சு, இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சம்பழம், உப்பு எல்லாம் தடவி மூணு மணி நேரம் ஊற வெச்சேன். கறி மெத்துன்னு ஆச்சு, ஆனா எண்ணெய்ல திருப்புனதும் மாவு மொத்தமும் சட்டைய கழட்டுன மாதிரி தனியா வந்துடுச்சு. ஒட்டிட்டிருந்த ரெண்டு துண்டும் மேசைக்கு வர்றதுக்குள்ள நமத்துப் போச்சு. கிரேவி ஒரே பச்சை மாவு வாசனை, ஆறுனதும் போஸ்டர் ஒட்டுற பசை. எங்க தப்பு பண்றேன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கேட்டிகுமார்:
சிஸ்டர், நல்ல காரியம் பண்றீங்க, கண்டிப்பா வரும். கொஞ்சம் கேள்வி கேக்கறேன். எந்த சட்டில பொரிக்கறீங்க, எண்ணெய் எவ்வளவு ஆழம், சூடு எப்படிப் பாக்கறீங்க? ஒரே நேரத்துல எத்தன துண்டு போடறீங்க, எத்தன தடவ திருப்பறீங்க? பொரிச்சதும் எதுல எடுத்து வைக்கறீங்க?

நாஞ்சில்ஜெனி:
நான்ஸ்டிக் பேன் அண்ணா, கரண்ட் அடுப்பு. எண்ணெய் அரை இன்ச் இருக்கும், சூடு கண்ணால பாக்குறதுதான். மூணு துண்டு ஒண்ணா போட்டேன், ஒட்டிக்கக்கூடாதுன்னு நாலஞ்சு தடவ திருப்பி திருப்பி விட்டேன். எடுத்து டிஷ்யூ பேப்பர் மேல வெச்சு, சூடு ஆறக்கூடாதுன்னு ஹாட் பாக்ஸ்ல போட்டு மூடி வெச்சேன்.

கேட்டிகுமார்:
பாதி விடை நீங்களே சொல்லிட்டீங்க. ஹாட் பாக்ஸ்ல மூடி வெச்சா பூரியே நமத்துப் போகும், இது எம்மாத்திரம். டிஷ்யூ பேப்பர்ல வெச்சா அடிப்பக்கம் ஆவி போக வழியில்லாம அங்கயே தண்ணியாகி மாவை ஊற வெச்சுடும். கம்பி ரேக் ஒண்ணு வாங்கி அது மேல வைங்க, அடுத்த துண்டு பொரியுற வரைக்கும் ரேக்கோட அவன்ல 200 டிகிரி ஃபாரன்ஹீட்ல வெச்சா சூடும் ஆறாது, மொறுமொறுப்பும் போகாது. அவன்ல வைக்கிறப்ப மேல எதையும் போட்டு மூடாதீங்க. மாவு கழண்டதுக்குக் காரணம் வேற, அத நம்ம வார்ப்புசட்டி அக்கா வந்து சொல்வாங்க, அவங்க இதுல கை தேர்ந்தவங்க.

வார்ப்புசட்டி:
வந்துட்டேன் தம்பி. ஜெனி, உன் பதிவைப் படிச்சதும் மனசு என்னவோ பண்ணிடுச்சும்மா, அந்த பனில நாங்களும் இங்க மூணு நாள் தவிச்சோம். நான் இருபது வருஷமா சான் அன்டோனியோல இருக்கேன், கூட வேலை பாத்த ஒரு டெக்சாஸ் அம்மா அவங்க வீட்டு அடுப்படில நிக்க வெச்சுதான் இத எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க, அதனால கொஞ்சம் விரிவா எழுதறேன்.

முதல்ல கறி. பப்பாளிக்காய் இதுக்கு ஆகவே ஆகாது. குழம்புக்கு சரி, கறி எப்படியும் குழம்புல ஊறி வேகப்போகுது. இங்க பப்பாளி போட்டா மேல் பாகம் கொழகொழன்னு ஆயிடும், அந்தக் கொழகொழ மேல மாவு எப்படி பிடிக்கும்? எலுமிச்சம்பழமும் உப்பும் மூணு மணி நேரம் தண்ணிய வெளிய இழுத்துட்டே இருந்திருக்கும், அந்த ஈரம்தான் எண்ணெய்ல ஆவியாகி உள்ள இருந்து மாவைத் தள்ளி விட்டுடுச்சு. கறிக்கடைல கியூப் ஸ்டேக்னு கேளு, ரவுண்ட் பகுதிய ஊசி மாதிரி பல்லு வெச்ச மெஷின்ல விட்டு நார் அறுத்து வெச்சிருப்பாங்க, மேல குட்டிக் குட்டி குழியா தெரியும், அதுதான் அடையாளம். அது கிடைக்கலன்னா ரவுண்டையே வாங்கி பல்லு வெச்ச சுத்தியால ரெண்டு பக்கமும் தட்டி கால் இன்ச்சுக்குக் கொண்டு வா. சுத்தி இல்லன்னா கனமான சட்டியோட அடிப்பாகத்தால தட்டு, நார் ஓடுற வாக்குக்கு குறுக்க கத்தியால லேசா கீறிவிடு. ஒரு இன்ச் தடிமன்ல ரவுண்ட் எல்லாம் எத்தன மணி நேரம் ஊற வெச்சாலும் பொரிச்சா மெத்துன்னு வராதும்மா, மாட்டோட பின்னங்கால் சதை அது, நடந்து நடந்து இறுகினது.

அடுத்தது ஈரம். பேப்பர் டவலால ஒத்தி எடு, ரெண்டு பக்கமும், பேப்பர் நனையாத வரைக்கும். அப்புறம் உப்பு, மிளகுத்தூள், அவ்வளவுதான். மூணு தட்டு எடுத்துக்கோ. முதல் தட்டுல மைதா, அதுலயும் உப்பு மிளகு, கொஞ்சம் பாப்ரிகா பிடிச்சா போடு. ரெண்டாவதுல ஒரு முட்டைய அரை கப் பட்டர்மில்க்ல அடிச்சு வை. இங்க டப்பால விக்கிறாங்களே அந்த கெட்டி பட்டர்மில்க், நம்ம நீர்மோர் இல்ல. மூணாவதுல மறுபடி மைதா, அதுல அந்த பட்டர்மில்க்ல இருந்து ரெண்டு ஸ்பூன் தெளிச்சு விரலால பிசிறி விடு, புட்டு மாவு பிசிறுவோம்ல அந்த மாதிரி. அந்த சின்னச் சின்ன உருண்டைங்கதான் கறி மேல ஒட்டி, பொரிஞ்சதும் கரடுமுரடா மொறுமொறுன்னு வரும். மாவு, முட்டை, மாவுன்னு வரிசையா போட்டு, ஒவ்வொரு தடவையும் அதிகமான மாவை உதறிட்டு, கடைசி மாவுல மட்டும் உள்ளங்கையால நல்லா அழுத்து.

இப்பதான் எல்லாரும் அவசரப்படற இடம். பொரட்டுனதும் எண்ணெய்ல போடாத. ரேக் மேல 15 நிமிஷம் சும்மா வை. வெள்ளையா தூளா இருந்த மாவு கொஞ்சம் கொஞ்சமா ஈரத்த இழுத்து சாம்பல் பூத்த மாதிரி நிறம் மாறி கறியோட ஒட்டிக்கும், விரல் வெச்சுப் பாத்தா தூள் வராது. அந்தப் பதம் வந்தாதான் சட்டி பக்கம் போகணும்.

எண்ணெய் 350 டிகிரி ஃபாரன்ஹீட். தெர்மாமீட்டர் 15 டாலருக்குள்ள கிடைக்கும், வாங்கிடு. பஜ்ஜி மாவு விட்டுப் பாக்குற பழக்கம் நமக்கு இருக்குதான், ஆனா இங்க குளுந்த கறி உள்ள போனதும் சூடு சர்ருன்னு எறங்கிடும், மூணு துண்டு ஒண்ணா போட்டா சொல்லவே வேண்டாம், பொரியாம எண்ணெய்லயே ஊறும். ஒண்ணு, மிஞ்சிப் போனா ரெண்டு. வார்ப்பிரும்பு சட்டின்னா சூட்டைப் பிடிச்சு வெச்சுக்கும், நம்ம இரும்பு தோசைக்கல்லு மாதிரி. திருப்புறது ஒரே ஒரு தடவ. ஓரம் எல்லாம் பொன்னிறமா மாறுற வரைக்கும் மூணு நாலு நிமிஷம் கரண்டியே படக்கூடாது, முதல் பக்கம் இறுகாம திருப்புனா மாவு சட்டியோட தங்கிடும்.

பெருங்காயம்:
எனக்குத் தெரிஞ்சு ரஸ்க் தூள் போட்டா இன்னும் நல்லா பிடிக்கும், கட்லெட்டுக்குப் போடற மாதிரி. ட்ரை பண்ணிப் பாருங்க ஜெனி.

ராஜிஆஸ்டின்:
பிடிக்கும்தான், ஆனா அது வேற பண்டம் ஆயிடும். ரஸ்க் தூள், பிரெட் தூள் போட்டா ஷ்னிட்செல், கறிய மெலிசா தட்டி பிரெட் தூள்ல பொரட்டிப் பொரிக்கிற ஜெர்மன்காரங்க பண்டம். 1840கள்ல ஜெர்மன்காரங்க டெக்சாஸ் மலைப்பக்கம் வந்து குடியேறி நியூ பிரான்ஃபெல்ஸ், ஃபிரெட்ரிக்ஸ்பர்க் மாதிரி ஊர்களை உண்டாக்குனாங்க, அவங்க கொண்டு வந்த ஷ்னிட்செல்தான் இங்க கிடைச்ச மாட்டுக்கறில இப்படி மாறுச்சுன்னு இங்க எல்லாரும் சொல்ற கதை. சிக்கன் பொரிக்கிற மாதிரியே மைதால பொரட்டிப் பொரிக்கிறதாலதான் கோழியே இல்லாத இதுக்கு சிக்கன் ஃப்ரைடுன்னு பேரு. லபக்குக்குத் தெக்க இருக்குற லமீசா ஊர்க்காரங்க இது எங்க ஊர்லதான் பொறந்துச்சுன்னு சொந்தம் கொண்டாடி திருவிழாவே நடத்துறாங்க. தாத்தா அந்தப் பக்கத்துக்காரருன்னா வாய்க்கு மைதா ருசிதான் பழகியிருக்கும், ரஸ்க் வேண்டாம்.

மதுரைக்காரி:
கிரேவிய யாரும் கண்டுக்கல, நான் சொல்றேன். ஜெனி, பொரிச்ச எண்ணெயை என்ன பண்ணுனீங்க, எவ்வளவு மாவு போட்டீங்க, பால் எப்படி ஊத்துனீங்க?

நாஞ்சில்ஜெனி:
எண்ணெய் கொஞ்சம் எறக்கிட்டு மிச்சத்துலயே மைதா ஒரு கை அள்ளிப் போட்டேன் அக்கா, அளவு பாக்கல. ஃபிரிட்ஜ்ல இருந்த பாலை அப்படியே மொத்தமா ஊத்திட்டேன். கட்டி கட்டியா வந்துச்சு, சட்டி அடில இருந்த கருப்புத் துகள் எல்லாம் மெதந்துச்சு.

மதுரைக்காரி:
அதான பாத்தேன். அளவு இதுல ரொம்ப முக்கியம். எண்ணெயை மொத்தமா வடிகட்டி எடுத்துட்டு, அதுல மூணு டேபிள்ஸ்பூன் மட்டும் திரும்ப சட்டில விடுங்க. அடில ஒட்டியிருக்குற பொன்னிறத் துகள் இருக்கட்டும், ருசியே அதுலதான், கருகுனது மட்டும் இருந்தா தொடைச்சு எறிஞ்சிடுங்க, ஒரு துளி கருகல் கூட மொத்த பாலையும் கசக்க வெச்சிடும். மூணு ஸ்பூன் எண்ணெய்க்கு மூணு ஸ்பூன் மைதா, அடுப்பு மிதமா வெச்சு ரெண்டு மூணு நிமிஷம் கை விடாம வறுங்க, பச்சை வாசனை போயி பிஸ்கட் வாசனை எழும்பும், நிறம் வெளுத்த வைக்கோல் மாதிரி இருக்கும்போதே பாலுக்குப் போயிடணும், சிவக்க விடக்கூடாது. பால் ரெண்டு கப், கொழுப்பு எடுக்காத பால், லேசா சுட வெச்சது. முதல்ல அரை கப் மட்டும் விட்டு விஸ்க்கால கலக்கி வழவழன்னு ஆன பிறகு அடுத்த அரை கப். கேழ்வரகு கூழ் காய்ச்சறப்ப கட்டி தட்டாம இருக்க என்ன பண்ணுவோமோ அதேதான். லேசா கொதி வந்து குமிழ் விடறப்பதான் மைதா முழுசா கெட்டியாகும், அதுக்கு முன்னாடியே தண்ணியா இருக்கேன்னு இன்னும் மாவு போட்டுடாதீங்க, உங்க பசைக்கு அதுதான் காரணமா இருக்கும். கரண்டி முதுகுல ஒட்டி, விரலால கோடு இழுத்தா கோடு நிக்கணும், அந்தப் பதத்துலயே எறக்கிடுங்க, தட்டுக்குப் போறதுக்குள்ள இன்னும் இறுகும். இறுகிட்டா சூடான பால் ரெண்டு ஸ்பூன் விட்டா போதும்.

உப்பு கடைசில. மிளகு மட்டும் தாராளமா, அப்பவே ஒண்ணும் பாதியுமா இடிச்சது ஒரு டீஸ்பூன். வேற மசாலா எதுவும் வேண்டாம், கை பரபரக்கும், எனக்கும் ஆரம்பத்துல சோம்புத்தூள் போடணும் போல இருந்துச்சு. பால், மாவு, மிளகு, கறி பொரிஞ்ச எண்ணெய், இந்த நாலு ருசிதான் அந்தத் தாத்தாவுக்கு ஞாபகத்துல இருக்கும்.

கேட்டிகுமார்:
ஒரு சின்ன திருத்தம், சில வீட்டுல வெங்காயம் போட்டு பழுப்பு கிரேவி வைப்பாங்க, அதுக்கு கன்ட்ரி ஃப்ரைடு ஸ்டேக்னு பேரு. தாத்தா வெள்ளை கிரேவியா பழுப்பான்னு ஒரு வார்த்தை பேச்சுவாக்குல கேட்டுக்கோங்க.

ஈரோட்டுப்பையன்:
நாங்க பீஃப் சாப்பிடறதில்ல, இதே முறைல சிக்கன்ல பண்ணலாமாங்க?

ராஜிஆஸ்டின்:
தாராளமா. இங்க மெனுலயே சிக்கன் ஃப்ரைடு சிக்கன்னு தனியா இருக்கும். எலும்பில்லாத நெஞ்சுக்கறிய ரெண்டு பிளாஸ்டிக் ஷீட்டுக்கு நடுவுல வெச்சு அரை இன்ச்சுக்குத் தட்டிட்டு மத்ததெல்லாம் வார்ப்புசட்டி அக்கா சொன்ன மாதிரியே. கோழிங்கறதால உள்ள 165 டிகிரி ஃபாரன்ஹீட் வந்திருக்கான்னு மட்டும் பாத்துடுங்க.

நாஞ்சில்ஜெனி:
சனிக்கெழமை ஒத்திகை பாத்தேன். கியூப் ஸ்டேக் கிடைச்சுது, தெர்மாமீட்டரும் வாங்கியாச்சு. நாலு துண்டுல மூணு முழுசா ஒட்டிக்கிச்சு! கடிச்சப்ப கருக்குன்னு சத்தம் கேட்டு என் பொண்ணு ஓடி வந்தா. நாலாவதுல மட்டும் ஒரு ஓரம் உரிஞ்சுடுச்சு, எடுக்கறப்ப இடுக்கியால அந்த ஓரத்தத்தான் பிடிச்சேன். கிரேவி வாசனை சரியா வந்துச்சு, கொஞ்சம் கெட்டிதான். தாத்தாகிட்ட கேட்டுட்டேன், வெள்ளை கிரேவிதானாம், கறி மேல முழுசா ஊத்தாம ஒரு பக்கமா ஊத்துவாங்களாம் அவங்க.

வார்ப்புசட்டி:
இடுக்கி வேண்டாம்மா, தட்டையான கரண்டியும் முள்கரண்டியும் சேத்து அடில குடுத்துத் தூக்கு. ஒரு பக்கமா ஊத்துறது நல்ல பழக்கம், மத்த பாதி கடைசி வரைக்கும் மொறுமொறுன்னு இருக்கும். கூட மசிச்ச உருளைக்கெழங்கும் கிரீன் பீன்ஸும் வை, கெழங்கை முன்னாடியே பண்ணி வெச்சுட்டா கறிக்கு அவசரம் இருக்காது.

நாஞ்சில்ஜெனி:
முடிஞ்சுது. நேத்து ஞாயித்துக்கெழமை மதியம் வந்தாரு, இஸ்திரி போட்ட சட்டை, கைல அவங்க சம்சாரத்தோட கிரேவி ஊத்துற குட்டி ஜாடி. இதுல ஊத்தித் தரியான்னு கேட்டாரு. ஊத்திக் கொடுத்தேன். முதல் வாய் வெச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, எனக்கு கை எல்லாம் குளுந்து போச்சு. அப்புறம் முள்கரண்டியால தட்டைத் தட்டி, மிளகு கரெக்டுன்னாரு. கூட வெச்ச பிஸ்கட்டை (நம்ம பிஸ்கட் இல்ல, இங்க பன் மாதிரி மெத்துன்னு சுடுறது) பிச்சு தட்டுல மிச்சமிருந்த கிரேவிய வழிச்சு சாப்பிட்டாரு, ரெண்டாவது பிஸ்கட்டும் கேட்டு வாங்கினாரு. என்னால அடுப்படிய விட்டு வெளிய வரவே முடியல, அழுகையா வந்துடுச்சு. உங்க எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல.

மிச்சம் ரெண்டு துண்டு டப்பால போட்டுக் கொடுத்தேன், காலைல முட்டையோட சாப்பிடுவாராம். இப்பதான் போன் பண்ணி எப்படி சுட வைக்கிறதுன்னு கேக்குறாரு, மைக்ரோவேவ்ல வெச்சா போதுமா?

வார்ப்புசட்டி:
மைக்ரோவேவ் வேண்டாம்னு உடனே சொல்லும்மா, மறுபடி நமத்துடும். அவன்ல 350 டிகிரி, கம்பி ரேக் மேல, பத்து நிமிஷம். கிரேவிய தனியா ஒரு ஸ்பூன் பால் விட்டு அடுப்புல சுட வைக்கச் சொல்லு.