18 வருசம் லேத்துல நின்னவனுக்கு மறுபடியும் 3 வருச வகுப்பு எதுக்கு?

கப்பலூர் டர்னர்:
வணக்கம் மக்களே. ஐடிஐ டர்னர் முடிச்சிட்டு மதுரை பக்கம் கப்பலூர் தொழிற்பேட்டையில 18 வருசமா நிக்கிறேன், மொத ஆறு வருசம் சாதா லேத்து, அப்பறம் கம்ப்யூட்டர்ல ஓடுற சிஎன்சி லேத்து, இப்ப புரோகிராம் போடுறதும் நான்தான் புதுப் பசங்களுக்கு சொல்லிக் குடுக்குறதும் நான்தான். போன மாசம் புரொடக்சன் இன்சார்ஜுக்கு ஆள் எடுத்தாங்க, டிகிரி இல்லன்னு என்னைய கூப்பிடவே இல்ல. வந்தவரு நல்ல தம்பி, கொற சொல்லல, ஆனா மொத வாரமே போரிங் பார் (ஓட்டைய உள்ள குடையுற கம்பி) அதிந்து கத்துது, கடையுற ஜாப்புக்கு உள்ள பூரா வரி வரியா விழுது, அவருக்கு என்ன செய்யன்னு தெரியல. 16 மில்லிமீட்டர் தடிமன் பார 80 மில்லிமீட்டருக்கு வெளிய நீட்டி வச்சிருந்தாரு, கத்தாம என்ன செய்யும்? உள்ள தள்ளி டைட் வச்சு ஆர்பிஎம்ம கொறச்சேன், நின்னுருச்சு.

சரி நாமளும் படிப்போம்னு விசாரிச்சா மூணு வருசம்ங்குறாங்க, அளவெடுக்கச் சொல்லிக் குடுக்குற மெட்ராலஜி லேப்ல வெர்னியர், மைக்ரோமீட்டர் பாக்குறதுதான் மொத ரெண்டு சோதனை. இத நான் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். நான் கேக்குறது இதுதான், தெரியுமான்னு சோதிச்சுப் பாருங்க, தெரிஞ்சா அந்தப் பாடத்த தாண்டி விடுங்க, தெரியலேன்னா சொல்லிக் குடுங்க. வெளிநாட்டுல காம்பிடன்சி பேஸ்டுன்னு இப்பிடி டிகிரியே குடுக்குறாங்களாமே, இங்க ஏன் வரக்கூடாது?

டல்லாஸ்ல ஆனையூர்க்காரன்:
குடுக்குறாங்க அண்ணே. இங்க அமெரிக்காவுல வெஸ்டர்ன் கவர்னர்ஸ் யுனிவர்சிட்டின்னு ஒன்னு, 1997ல 19 மாநில கவர்னருங்க சேந்து ஆரம்பிச்சது, எங்க வீட்டம்மா அதுலதான் ஐடி படிக்கிறாங்க. ஆறு மாசத்துக்கு ஒரே பீஸ், அதுக்குள்ள நீங்க ரெண்டு பாடம் முடிச்சாலும் சரி பத்து முடிச்சாலும் சரி. பாடத்துக்கு ஒரு பரீட்சை, இல்லாட்டி ஒரு வேலைய செஞ்சு எழுதி அனுப்பணும், அத தனியா ஒரு ஆள் திருத்துவாரு. நெட்வொர்க்கிங் அவங்களுக்கு ஊர்லயே தெரியும், ரெண்டு வாரத்துல எழுதி முடிச்சுட்டாங்க. கணக்குப் பாடம் மட்டும் நாலு மாசம் இழுத்துச்சு. தெரிஞ்சதுல ஓடலாம் தெரியாததுல நிக்கலாம், வயசானவங்களுக்கு இதவிட என்ன வேணும்?

நாகமலை வாத்தியார்:
தம்பி, உங்க கோவம் நியாயம். 24 வருசம் மெக்கானிக்கல் பாடம் எடுத்தவன், தொலைதூரக் கல்வி பசங்களுக்கு ஞாயித்துக்கிழமை வகுப்பும் எடுத்திருக்கேன், அதனால சொல்றேன். பார நீட்டுனா கத்தும்னு உங்களுக்குத் தெரியுது. 40 மில்லி நீட்டுன பார 80க்கு நீட்டுனா எத்தன மடங்கு கூட வளையும்? ரெண்டு மடங்குன்னு நினைப்பீங்க. எட்டு மடங்கு. நீளத்தோட மூணாம் அடுக்குல போகும், 2×2×2. இது தெரிஞ்சவரு அந்த பார கத்த விட்டுப் பாத்து கத்துக்க வேண்டியதில்ல, மாட்டுறதுக்கு முன்னாடியே சொல்லிருவாரு. அந்தத் தம்பி இத பரீட்சைக்கு எழுதி மறந்துட்டாரு, அது எங்க தப்பு, ஒத்துக்கிறேன். ஆனா சோதிச்சு தாண்டி விடுங்கன்னா யாரு சோதிப்பா, எத சோதிப்பா? கைக்குத் தெரியுறத சோதிச்சுட்டு விட்டுருவாங்க, ஏன்ங்குறது உங்களுக்கு எப்பவுமே வந்து சேராது.

இன்னொன்னு, காம்பிடன்சின்னா வகுப்பு வேணாம்னு அர்த்தம் இல்ல. 2019லருந்து எம்பிபிஎஸ் பூரா காம்பிடன்சி முறைதான், நம்ம மதுரை மெடிக்கல் காலேஜ் பிள்ளைங்க லாக்புக்கோடதான் அலையுதுங்க, ஊசி போடத் தெரியுமா தையல் போடத் தெரியுமான்னு ஒவ்வொன்னுக்கும் கையெழுத்து. ஆனா வருசமும் குறையல, தியரிக்கு 75 பிராக்டிகலுக்கு 80 சதவீதம் வருகைங்குறதும் போகல.

கப்பலூர் டர்னர்:
சார் எட்டு மடங்குங்குறது எனக்கு சத்தியமா தெரியாது. அதத்தான் சார் நானும் சொல்றேன், இத எனக்கு சொல்லிக் குடுங்க, மைக்ரோமீட்டர சொல்லிக் குடுக்காதீங்க. நான் பாடமே வேணாம்னு சொல்ற ஆள் இல்ல. தெரியாத ஒன்ன கத்துக்க தெரிஞ்ச ஒன்பதுக்கும் உக்காரணும்னா வீட்டுல சோறு யாரு போடுறது.

உசிலை27:
அண்ணே ஒரு விசயம், கவர்ன்மெண்ட் வேல ஆச இருந்தா பாத்து நடங்க. 2009ல அரசாணை 107ன்னு ஒன்னு போட்டாங்க, பத்து, பன்னெண்டு வரிசையா முடிச்சிட்டு அதுக்கப்பறம் திறந்தவெளி பல்கலைக்கழகத்துல வாங்குன டிகிரிதான் செல்லும். பிளஸ் டூ இல்லாம நேரா டிகிரி போட்ட எங்க சித்தப்பா இன்னும் அந்த சர்டிபிகேட்ட பீரோவுலதான் வச்சிருக்காரு. ஐடிஐ முடிச்சவங்கள பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாம் வருசம் சேத்துக்கிறாங்க, மொத அதப் பாருங்க.

மாசி வீதி கணக்கு:
நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், யாரும் தப்பா எடுக்காதீங்க. ஒரு மண்டியில கணக்கெழுதுறேன், டேலி, ஜிஎஸ்டி எல்லாம் அத்துப்படி, டர்னர் தம்பி சொல்ற மாதிரி சோதிச்சா பாதி பிகாம் எனக்கு அன்னைக்கே கையில வந்துரும். ஆனா எனக்கு அது வேணாம். ஏன்னா வீட்டுல "ஞாயித்துக்கிழமை வகுப்பு இருக்கு, போகலேன்னா பரீட்சை எழுத விடமாட்டாங்க"ன்னு சொன்னாத்தான் நான் வாசப்படி தாண்ட முடியும். அந்த ஆறு மணி நேரம் யாரும் என்னைய தண்ணி கொண்டா, மாவு ஆட்டுன்னு கூப்பிட முடியாது. ஒங்க நேரத்துக்கு படிச்சுக்கங்கன்னு விட்டுட்டா அந்த நேரம் எனக்கு ராத்திரி பதினோரு மணிக்கு மேலதான், பாத்திரம் கழுவிட்டு போன எடுத்தா கண்ணு சொக்குது. ஆம்பளைங்களுக்கு வகுப்பு ஒரு பாரம், சரி, எங்கள்ல பல பேருக்கு அது ஒரு வாசல் தம்பி. அத எடுத்துட்டு வசதி பண்ணிக் குடுத்தோம்னு சொன்னா மனசு ஆறல.

டல்லாஸ்ல ஆனையூர்க்காரன்:
அக்கா நீங்க சொல்றத நான் யோசிச்சதே இல்ல. ஆனா அங்க தனியா விட்டுருறது இல்ல, மென்டர்னு ஒருத்தர் போன் போட்டு எங்க நிக்குது என்ன தடங்கல்னு கேப்பாங்க.

நாகமலை வாத்தியார்:
அந்த மென்டர் பாடம் எடுக்குறவரு இல்ல தம்பி. 2017ல அமெரிக்க கல்வித் துறையோட தணிக்கை அதிகாரியே இதத்தான் பிடிச்சாரு, ஆசிரியரோட போதுமான தொடர்பு இல்ல, 71 கோடி டாலருக்கு மேல மாணவர் உதவிப் பணத்த திருப்பிக் கட்டணும்னு அறிக்கை குடுத்தாரு.

டல்லாஸ்ல ஆனையூர்க்காரன்:
2019ல அந்தத் துறையே கட்ட வேணாம்னு சொல்லிருச்சு சார். அதையும் சேத்துச் சொல்லணும்ல.

நாகமலை வாத்தியார்:
சொல்லணும்தான், விட்டது என் தப்பு. பணம் கட்ட வேணாம்னுட்டாங்க, ஆனா வாத்தியார் எத்தன தூரம் வேணும்ங்குற கேள்வி அப்பிடியேதான் நிக்குது. நம்ம நாட்டுலயும் 2023ல தேசிய கிரெடிட் முறை (படிப்ப அலகு அலகா எண்ணிச் சேக்குறது) வந்திருக்கு, வேலை அனுபவத்த சோதிச்சு கிரெடிட்டா எடுத்துக்கலாம்னு அதுல இருக்கு, கணக்கு மட்டும் பழைய கணக்கு, 30 மணி நேரம் ஒரு கிரெடிட்.

கப்பலூர் டர்னர்:
மறுபடி மணிக்கணக்கா சார். எழுதுனது இருக்கட்டும், அனுபவத்த சோதிக்கிறோம்னு ஒரு சென்டர்ல எங்கள ஏற்கனவே கூப்பிட்டாங்க, போனோம். மிசின் பக்கமே கூட்டிட்டுப் போகல, கொள்குறி கேள்வி ஒரு தாள், டீ, ஒரு டீசர்ட், சாயங்காலம் போட்டோ. பக்கத்துல உக்காந்தவரு மிசின தொட்டதே இல்ல, அவருக்கும் எனக்கும் ஒரே சர்டிபிகேட்டு. வாத்தியார் கேட்டாருல யாரு சோதிப்பான்னு, அங்க எனக்கு பதில் இல்ல, நெசமாவே இல்ல. அக்கா சொன்னதுக்கும் இல்ல, என் வீட்டம்மாவும் டிடிஎட், அதான் டீச்சர் டிரெய்னிங், பாதில விட்டவதான், ஒங்க பதிவ அவகிட்ட படிச்சுக் காட்டுனேன், ஒன்னும் சொல்லல, எந்திரிச்சுப் போயிட்டா.

மாசி வீதி கணக்கு:
அவங்கள சேத்து விடுங்க தம்பி மொதல்ல.

கப்பலூர் டர்னர்:
விசாரிச்சிட்டு இருக்கேன்கா. சார், இன்னொன்னு. நேத்து ஷிப்டு முடிஞ்சு சும்மா விட மனசில்லாம அந்த 16 மில்லி பார மாட்டி நுனியில 30 கிலோவ சங்கிலில தொங்க விட்டு எவ்வளவு எறங்குதுன்னு காட்டுற டயல் கேஜ் வச்சுப் பாத்தேன். 40ல 12 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) எறங்குச்சு. 80ல 80 மைக்ரான். எட்டு மடங்குன்னா 96ல வரணும், மூணு தடவ வச்சுப் பாத்துட்டேன் 80தான் காட்டுது. மிச்சம் எங்க போச்சு?

நாகமலை வாத்தியார்:
நல்லா கேட்டீங்க. நான் சொன்ன எட்டு, பிடிச்ச இடம் கொஞ்சமும் அசையாம இருந்தா வர்றது. பார பிடிச்சிருக்குற உங்க ஹோல்டரும் டூல் போஸ்ட்டும் லேசா அசைஞ்சு குடுக்குது, 40ல வந்த 12லயே அது கலந்திருக்கு, பார் மட்டும் வளைஞ்சது 12 இல்ல, அதுக்கும் கம்மி. அது எவ்வளவுன்னு பிரிக்கணும்னா டயல பார் நுனியில வைக்காம ஹோல்டர் மேல வச்சு அதே 30 கிலோவுக்கு எடுங்க. 60லயும் ஒரு தடவ எடுத்து வைங்க, ஞாயித்துக்கிழமை காலைல நான் கப்பலூர் வர்றேன்.