மோர்ஸ் உங்களுக்கு எப்படிப் பழக்கம்?

‘இன்ஸ்பெக்டர் மோர்ஸ்’ என்ற ஆங்கில டிவி தொடரில் ஆக்ஸ்போர்டு போலீஸ் அதிகாரியாக வருகிறவர் மோர்ஸ். அவர் முதலில் சந்தேகப்படும் ஆள் பெரும்பாலும் கொலைகாரனாக இருக்க மாட்டான். பிரமாதமாக ஓர் ஊகத்தைக் கட்டுவார், அதை அடித்துப் பேசுவார், ஆளைக் கூட்டிவந்து உட்காரவைத்து விசாரித்தும் விடுவார். அப்புறம் எல்லாம் தப்பு என்று தெரியவரும். மறுபடி முதலிலிருந்து. ஒருவரைப் பார்த்த மாத்திரத்தில் அவருடைய ஊர், தொழில் எல்லாம் சொல்லிவிடுகிற துப்பறிவாளர்களைப் படித்தே வளர்ந்தவன் நான். எனக்கு இந்த மனுஷர் பெரிய ஆச்சரியம். 1987-ல் தொடங்கி 2000 வரை 33 கதைகள். ஒவ்வொன்றும் ஒரு முழுநீளப் படம் மாதிரி, அவசரமே இல்லாமல் போகும்.

வேலைக்காக இங்கிலாந்து வந்த புதிதில் என்னை ‘இன்ஸ்பெக்டர் மோர்ஸ்’ பார்க்க வைத்தது நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரப் பாட்டி. “மகா கஞ்சன், ஆனால் நல்லவன்” என்று சொல்லித்தான் டிவி முன்னால் உட்காரவைத்தார். உண்மைதான். பப்புக்குப் போனால் காசு கொடுப்பது அநேகமாக அவருடைய உதவியாளர் சார்ஜென்ட் லூயிஸாகத்தான் இருக்கும். பீர் உள்ளே போனால்தான் மூளை ஓடும் என்பது மோர்ஸின் கட்சி. மனைவி, பிள்ளைகள் என்று வீடு காத்திருக்கிற லூயிஸ் ஆரஞ்சு ஜூஸோடு நிறுத்திக்கொள்வார். அறிக்கையில் ஓர் எழுத்துப்பிழை இருந்தால் போதும், மோர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். கொலை விசாரிக்கிற அதிகாரிக்குப் பிணத்தைப் பார்க்கத் தெம்பு கிடையாது. பிணத்தைச் சோதிக்கிற டாக்டர் மாக்ஸ் போர்வையை விலக்கும்போது மோர்ஸ் வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேள்வி கேட்பார். உயரம் என்றாலும் பயம். காதலும் கைகூடாது. முதல் கதையிலேயே தன்னோடு பாடகர் குழுவில் பாடும் பெண் மேல் மனசு வைக்கிறார், கொஞ்ச நேரத்தில் அவள் பிணமாகக் கிடைக்கிறாள்.

இத்தனை குறையும் உள்ளவரை ஏன் பிடிக்கிறது? மோர்ஸாக வரும் ஜான் தாவின் நடிப்பு பாதிக் காரணம். அவருடைய நீலக் கண்ணில் எப்போதும் ஒரு தனிமை இருக்கும். வசனமே இல்லாமல், ரெகார்டு போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாலே போதும். மீதிப் பாதி லூயிஸ். கெவின் வேட்லி அவரை நடித்த விதத்தில், இவ்வளவு திட்டு வாங்கியும் ஒருவன் விட்டுப் போகாமல் கூடவே இருக்கிறான் என்றால், அந்தத் திட்டுகிற ஆளிடம் ஏதோ இருக்க வேண்டும் என்று நமக்கே தோன்றிவிடும்.

1992-ல் வந்த ‘டெட் ஆன் டைம்’ பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும் (பார்க்காதவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள்). மோர்ஸ் இளவயதில் கல்யாணம் செய்துகொள்ள இருந்த சூசன், கணவனை இழந்த நிலையில் மறுபடி எதிரே வருகிறாள். மனுஷர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை வேறு எந்தக் கதையிலும் நான் பார்த்ததில்லை. கடைசியில் அவளும் இல்லாமல் போகிறாள். கணவனின் சாவில் அவளுக்கும் பங்கு உண்டு என்பதற்கான ஒரே சாட்சி ஒரு ஒலிநாடா, அது லூயிஸ் கையில் கிடைக்கிறது. நேர்மையான போலீஸ்காரனான லூயிஸ், அதை மோர்ஸிடம் கொடுக்காமல் அழித்துவிடுகிறான். மோர்ஸுக்குத் தெரியவே தெரியாது. சட்டப்படி தப்பு, தெரியும். ஆனாலும் நான் லூயிஸ் பக்கம்தான்.

உங்களுக்கு மோர்ஸ் எப்படிப் பழக்கமானார்? சொல்லுங்கள்.

*

அண்ணா, நீங்கள் எழுதினதை வாசிக்க எனக்கு அப்பாவின்ர ஞாபகம் வந்திட்டுது. எங்கட வீட்டில மோர்ஸ் அப்பாவின்ர ஆள். அப்பா ஊரில தபால் கந்தோரில தந்தி அடிச்சவர். லண்டனுக்கு வந்தாப்பிறகு வேற வேலை, ஆனால் காது மட்டும் அப்பிடியே இருந்தது. தொடர் தொடங்கேக்க வாற இசையில விட்டு விட்டு ஒரு தாளம் கேட்கும். நாங்கள் அதைச் சும்மா தாளம் எண்டுதான் நினைச்சனாங்கள். அது தந்தியில அடிக்கிற மோர்ஸ் எழுத்து எண்டு அப்பா கதிரைக் கைப்பிடியில விரலால தட்டிக் காட்டினார். நீளமா ரெண்டு, அது எம். நீளமா மூண்டு, ஓ. கட்டை, நீளம், கட்டை, ஆர். கட்டையா மூண்டு, எஸ். கடைசியா ஒரேயொரு கட்டை, ஈ. “அந்தாளின்ர பேரையெல்லோ அடிக்கிறாங்கள்!” எண்டு அவருக்கு வந்த சந்தோசத்தை நீங்கள் பாத்திருக்கோணும். பாரிங்டன் ஃபெலூங் எண்டவர்தான் அந்த இசையைப் போட்டவர். சில கதையளில கொலைகாரன்ர பேரையும் இப்பிடி இசைக்குள்ள ஒளிச்சு வைச்சவராம், எங்களை ஏமாத்த வேற ஆளின்ர பேரையும் வைப்பாராம். அதுக்குப் பிறகு படம் முடியுமட்டும் வீட்டில ஒருத்தரும் கதைக்கேலாது.

அப்பாவுக்கு அவரைப் பிடிச்சதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. மோர்ஸ் ஒக்ஸ்போர்டில படிக்கப் போய், ஒரு காதலால மனம் உடைஞ்சு பட்டம் எடுக்காமல் வெளியில வந்தவர். அதே ஊரில, அதே புரொபெஸர்மாரை விசாரிக்கப் போறார். அவையள் அவரை மேலயும் கீழயும் பாக்கேக்க அப்பாவுக்குக் கோவம் பொத்துக்கொண்டு வரும். அப்பாவும் படிப்பை இடையில விட்டவர். அதைப் பற்றி அவர் எங்களோட கதைச்சதே இல்லை. மோர்ஸைப் பற்றித்தான் கதைப்பார்.

அம்மாவுக்கு மோர்ஸில கடைசிவரை விருப்பம் வரேல்லை. “அந்தப் பெடியன் லூயிஸை ஒருநாளாவது சாப்பிட்டியோ எண்டு கேட்டவரோ?” எண்டு கேப்பா. அதுவும் நியாயம்தான்.

*

அக்கா சொன்ன கடைசி வரி என்னைச் சுட்டுவிட்டது. நான் ஆக்ஸ்போர்டில் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறேன். ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களுக்குக் காலேஜ் எல்லாம் சுற்றிக்காட்ட வேண்டும். இங்கிலாந்தின் மற்ற ஊர்களிலிருந்து வருகிற வயசானவர்களோ, எக்ஸெட்டர் காலேஜ் வழி கேட்பார்கள். டர்ல் ஸ்ட்ரீட்டில் இருக்கிறது. அதன் முன்முற்றத்துப் புல்தரையில்தான் கடைசிக் கதையில் மோர்ஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார். ஒருமுறை கணவனும் மனைவியுமாக வந்த இருவரை நானே கூட்டிப்போனேன். அந்த அம்மா புல்தரையைப் பார்த்ததும் கைக்குட்டையை எடுத்துவிட்டார். கற்பனை மனுஷருக்காக அழுகிறோமே என்ற கூச்சமெல்லாம் அவருக்கு இல்லை.

ஆஸ்பத்திரிப் படுக்கையில் மோர்ஸ் கடைசியாகப் பேசுவது மேலதிகாரி ஸ்ட்ரேஞ்சிடம். “லூயிஸுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்” என்பார். லூயிஸ் அந்த நேரம் பக்கத்தில் இல்லை. வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். குனிந்து நெற்றியில் முத்தம் கொடுத்து, “போய் வாருங்கள், சார்” என்று மட்டும் சொல்வான். 2000 நவம்பரில் ஒளிபரப்பானது. ஜான் தாவும் 2002-ல் போய்விட்டார்.

பார்க்க வருகிறவர்களுக்கு: பிராட் ஸ்ட்ரீட்டில் புத்தகக்கடையை ஒட்டி ஒயிட் ஹார்ஸ் என்று ஒரு குட்டி பப் இருக்கிறது, சுவரில் படப்பிடிப்புப் புகைப்படங்கள் மாட்டியிருப்பார்கள். ராண்டால்ஃப் ஹோட்டல் பாருக்கே மோர்ஸ் பெயர்தான். ஆனால் எனக்குப் பிடித்தது வுல்வர்கோட்டில் ஆற்றங்கரையில் இருக்கிற டிரவுட் என்ற பப். கோடையில் மட்டும் வாருங்கள், வெளியே உட்காரலாம்.

*

தங்கச்சி, அம்மாவிடம் சொல்லுங்கள், அவர் கேட்டது சரிதான். அந்த நன்றியை மோர்ஸ் நேரில் சொல்லியிருக்க வேண்டும். ஆக்ஸ்போர்டு நண்பருக்கு: புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களைத் தயவுசெய்து கடைசிக் கதைக்கு அனுப்பிவிடாதீர்கள். முதல் கதையிலிருந்தே வரட்டும். லூயிஸோடு கொஞ்ச காலம் திட்டு வாங்கினால்தான் அந்த முத்தம் புரியும்.